மரக்கடை மாடியில் என் கணவர்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காலை ஆறு மணி ஆராதனைக்குப் போய் வந்தேன். எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு பேர். நான் வேலையில் சேர்ந்த புதிதில் இதே நாளில் உட்கார இடம் இல்லாமல் பிள்ளைகளைக் கீழே பாயில் உட்கார வைப்போம். இன்று ஆளுக்கு ஒரு பெஞ்சு என்று பங்கு போட்டாலும் பெஞ்சு மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் இவரைக் காணோம். மூடி வைத்த இட்லி அப்படியே இருந்தது. ஒன்பது மணிக்கு வந்தார்.

"எங்க போனீங்க?"

"மரக்கடை மாடிக்கு."

"எதுக்கு?"

"ஜெபத்துக்குத்தான், டீச்சர்."

நான் கணக்கு ஆசிரியை. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் இவருக்கு நான் இன்னும் டீச்சர்தான். இவர் பெயர் ஞானசிகாமணி, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் பெரும்பாலும் நான் ஆலயத்துக்கு உள்ளே போவேன், இவர் வெளியே வாகை மரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்பார். முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு வருவார். கேட்டால், "உள்ள புழுக்கமா இருக்கு" என்பார். இவர் உள்ளே வர வேண்டும் என்று நான் தினமும் ஜெபித்தேன். ஒரு நாள் விட்டதில்லை, பிரசவ ஆஸ்பத்திரியில்கூட.

டிசம்பரில் இவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் மருந்து வாங்கப் போயிருந்த அரை மணி நேரத்தில் பெனிட்டா வந்து, இவர் கையைப் பிடித்து ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறாள். மரக்கடை மாடியில் அவளும் பாஸ்டரான அவள் கணவரும் ஒரு ஜெப வீடு நடத்துகிறார்கள். அவள் அரை மணி நேரம், நான் முப்பத்தெட்டு வருடம். எத்தனையோ பிள்ளைகளுக்கு விகிதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த விகிதம் எனக்குப் பிடிபடவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷம்தான்.

பிப்ரவரி 16, வெள்ளி

முருங்கைக்காய் சாம்பார், அவியல். லெந்து என்கிற தவக்காலம் முடியும்வரை வீட்டில் மீன் கிடையாது. மற்ற வருடம் இதற்கே சண்டை போடுவார். இன்று வாய் திறக்காமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எட்டு மணிக்கெல்லாம் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தலைகூடப் படிய வாரியிருந்தார். ஆலயத்துக்குத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன். பீரோவைத் திறந்து, கிறிஸ்துமஸுக்குக் கட்டிய சேலையையே எடுத்துக் கட்டினேன். சேர்ந்து உள்ளே நுழைந்தால் யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுகூட நினைத்தேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தெருமுனை வரை கூடவே வந்தார். பிறகு, "பாத்துப் போ டீச்சர்" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் திரும்பி நடந்தார். ஆலயம் வலது பக்கம்.

ஒரு உதாரணம் எழுதிப் பார்க்கிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளியும். ஒரு பையனுக்கு வருடம் முழுக்க வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தாள், அவன் ஒப்பித்துவிட்டான். ஜூன் மாதம் வகுப்புக்கு வந்து கடகடவென்று சொல்கிறான். டீச்சர் என்ன செய்ய வேண்டும்? தட்டிக்கொடுக்க வேண்டும். நானும் தட்டிக்கொடுப்பேன். ஆனால் அந்த அக்கா யார் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

பிப்ரவரி 22, வியாழன்

அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் பழப் பை.

பெனிட்டா ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பின்னக் கணக்கில் மேலே இருக்கும் எண்களைத் தனியாகவும் கீழே இருக்கும் எண்களைத் தனியாகவும் கூட்டி வைப்பாள். ஒரு தோசையில் பாதி, இன்னொரு தோசையில் பாதி என்று எத்தனை தடவை படம் போட்டுக் காட்டியிருப்பேன்!

"டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா? உங்களுக்குப் பயந்து நான் பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்சிருக்கேன்."

"நான் யாரையும் அடிச்சது இல்லையேம்மா."

"அடிக்க மாட்டீங்க டீச்சர். பாப்பீங்க. அதுக்கு அடியே தேவலன்னு இருக்கும்."

இவர் கடகடவென்று சிரித்தார். "கரெக்டாச் சொன்னியம்மா" என்றார்.

அவள் இவரிடம் திரும்பி, "ஞானம் பிரதர், மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்றாள். ஞானம்! இவருடைய அம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அவர்கள் இறந்து இருபது வருடம் ஆகிறது. அறுபத்தாறு வயது மனிதர் முப்பத்தைந்து வயதுக்காரிக்குப் பிரதராம். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு, "போடுதேன் சிஸ்டர்" என்கிறார்.

போகும்போது மூன்று பேரும் ஜெபிக்கலாமா என்று கேட்டாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். பால் காலையிலேயே காய்ச்சியாகிவிட்டது.

பழம் பார்க்க நன்றாக இருந்தது. நான் சாப்பிடவில்லை.

மார்ச் 1, வெள்ளி

மகள் ஷெர்லின் பெங்களூரிலிருந்து பேசினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு ஏம்மா இப்படிப் பேசுற? அப்பா சந்தோஷமா இருக்காங்கல்லா?"

"சபைன்னு ஒண்ணு இருக்குட்டி. உன் ஞானஸ்நானம், உன் கல்யாணம் எல்லாம் அங்கதான் நடந்துச்சு."

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் எந்தச் சபைக்கும் போகலம்மா. அதுக்கு நீ ஒண்ணுமே கேக்கல. அப்பா போறாருன்னு அழுற. போகாதவள விட்டுட்டுப் போறவரப் பிடிச்சுக்கிட்டியே!"

பேரப் பிள்ளைக்குச் சளி விட்டதா என்று கேட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று ஆலயத்தில் நான்தான் வேதபாடம் வாசித்தேன். பிழையில்லாமல் வாசித்தேன். முடிந்து வரும்போது கால்கள் தாமாக மரக்கடைப் பக்கம் போய்விட்டன. தேக்குப் பலகை வாசனை. மாடிப்படி நெடுக செருப்பு. எண்பது ஜோடிக்குக் குறையாது. நம் ஆலயத்தில் பாடகர் குழுவில் இருந்த இரண்டு பெண்களின் செருப்பும் கிடந்தது.

கதவோரம் நின்று பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், கீபோர்டு, டிரம்ஸ். எல்லாரும் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் இவர். கண்ணை மூடி, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வாயை முழுக்கத் திறந்து பாடினார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அம்மா இறந்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோதும் அழவில்லை.

பாட்டு ஒரு பக்கம் போனது, இவர் குரல் இன்னொரு பக்கம் போனது. யாரும் கவலைப்படவில்லை. பாட்டு முடியவும் பெனிட்டா வந்து இவர் தோளில் கை வைத்தாள். நான் இறங்கி வந்துவிட்டேன். படியில் யாருடைய செருப்பையோ மிதித்தேன். வேண்டுமென்று மிதிக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்: "நம்ம ஆலயத்துல இல்லாதது அங்க என்னதான் இருக்கு?"

நிஜமாகவே யோசித்தார். "டிரம்ஸ்" என்றார்.

"டிரம்ஸுக்காகவா போறீங்க?"

"சத்தமா அடிப்பாங்க. நாம பாடுதது யாருக்கும் கேக்காது. அதான் நல்லா இருக்கு."

ஒரு கொத்தவரங்காயை எடுத்துக் காம்பு கிள்ளிக்கொண்டே, "கல்யாணம் முடிஞ்சு மூணாவது வாரம்னு நெனைக்கேன். நீ பாடகர் குழுவுல நின்ன. நான் முன் பெஞ்சுல நின்னு, புது மாப்பிள்ளல்லா, நல்லா சத்தமாப் பாடுனேன். வீட்டுக்கு வந்து நீ ஒண்ணு சொன்ன" என்றார்.

"என்ன சொன்னேன்?"

"விடு. பழைய கதை."

எனக்கு நினைவில்லை. 'வாயை மட்டும் அசைங்க, போதும்' என்று சொல்லியிருக்கலாம். சுருதி பிசகும் பிள்ளைகளிடம் குழுவில் அப்படித்தான் சொல்வது வழக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்று அவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார்.

மார்ச் 9, சனி

காபி குடிக்கும்போது சொன்னார். ஈஸ்டர் காலையில் ஆற்றில் மூழ்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாராம்.

"ஒங்களுக்குத்தான் பொறந்த மூணாவது மாசமே குடுத்தாச்சே."

"அது எங்க அப்பாவும் அம்மாவும் குடுத்தது. இது நான் எடுக்கது."

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் சபையின் சட்டப்படி வேறு இடத்தில் மூழ்கி எடுத்தால் சபைப் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். திருவிருந்து கிடையாது. இறந்தால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஊருக்கு வெளியே பொதுக் கல்லறைக்குத்தான் போக வேண்டும். இவருடைய அப்பா அம்மா பக்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இடம் எழுதி வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. நான்தான் அப்போதிருந்த ஐயரிடம் நடையாய் நடந்து வாங்கினேன். ஐயர் என்றால் எங்கள் போதகர்.

"அந்த இடம்?" என்று கேட்டேன்.

"அதுல நீ இரு" என்றார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பதுபோல்.

மார்ச் 10, ஞாயிறு

ஆலயத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. வாசலில் இருக்கும் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன். நோய், பரீட்சை, வேலை என்று யாருக்கு எது வேண்டுமோ எழுதிப் போடுவோம், மறு வாரம் ஐயர் வாசித்து ஜெபிப்பார். எல்லாரும் செய்வதுதான். பெயர் எழுதவில்லை. 'ஈஸ்டர் காலையில் ஆற்றில் மூழ்கு ஞானஸ்நானம் எடுக்க இருக்கும் ஒரு மூத்த சகோதரர் மனம் திரும்ப' என்று மட்டும் எழுதினேன்.

ஜெபத்துக்குத்தான் கேட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஐயர் வாசித்தார். நான்காவது குறிப்பு. முதுகுவலி ஒன்று, விசா ஒன்று, பெண் பார்க்கும் காரியம் ஒன்று, அதன் பிறகு என் சீட்டு. வாசிக்க வாசிக்க எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மூத்த சகோதரர் என்று சொல்லும் வயதில் மரக்கடை மாடிக்குப் போகிறவர் இந்த ஊரில் ஒருவர்தானே.

தலையைக் குனிந்துகொண்டேன். பெண்கள் ஐக்கியத்தில் நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாவம் டீச்சர், நீங்க எவ்வளவு பொறுமையா இருக்கீங்க!" என்றார்கள். ஆறுதலாக இருந்தது. உள்ளதை எழுத வேண்டுமென்றால், அதற்கும் கொஞ்சம் மேலாகவே இருந்தது.

மார்ச் 20, புதன்

மாலை ஐயரும் சபைச் செயலரும் வீட்டுக்கு வந்தார்கள். ஐயருக்கு முப்பத்திநாலு வயதுதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, சட்டத்த நான் போடல. இருக்கதச் சொல்லணும்லா. இந்த வருசம் பத்துப் பேரோட பேர அடிச்சாச்சு. ஒங்க பேரு பதினொண்ணாவது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கவேண்டாம். நேராக் கோடு போடுங்க" என்றார் இவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

செயலர் குறுக்கே வந்தார். "டீச்சர நெனச்சுப் பாருங்கய்யா. ஒரு ஓரமா உக்காந்து ஜெபம் பண்ணிட்டுப் போறத விட்டுட்டு, ஆத்துல எறங்கணுமா? இந்த வயசுல சளி பிடிக்கும்."

ஐயர் பைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "இப்படி ஒரு குறிப்பு வந்ததுனாலதான் எங்களுக்கே தெரியும்" என்று நீட்டினார். இவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயருக்குக் காபி போடு டீச்சர்" என்றார்.

காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். மூன்று பேரும் அப்படியே குடித்தார்கள்.

மார்ச் 21, வியாழன்

பேசவில்லை.

மார்ச் 22, வெள்ளி

பேசவில்லை. துணி துவைத்தேன். அவர் சட்டைகளை அவரே துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஓலையோடு வீட்டுக்கு வந்தேன். அவர் மாடிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

"போகலையா?"

"ஒன்கிட்டப் பேசணும்னு இருந்தேன். அந்தச் சீட்டு ஒன் எழுத்து. முப்பத்தெட்டு வருசமா மளிகை லிஸ்ட் வாங்கிட்டு வாறவன் நான்."

"ஜெபத்துக்குத்தான் எழுதுனேன்."

"ஜெபத்துக்கா?"

நான் உடைந்துவிட்டேன். அழுகையா, கோபமா என்று தெரியவில்லை. "நான் கேட்டேன் ஆண்டவர்ட்ட. தெனமும் கேட்டேன். எனக்குக் குடுக்காம அவளுக்குக் குடுத்துட்டாரே! பின்னக் கணக்குக்கூடத் தெரியாது அவளுக்கு. அவ முன்னால அழுறீங்க. என் முன்னால ஒரு நாள், ஒரே ஒரு நாள், கண்ண மூடி ஜெபிச்சிருக்கீங்களா?"

அவர் எழுந்து வந்தார். ஓலையை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார்.

"நீ எனக்காக ஜெபிச்ச. என்கூட ஜெபிக்கல டீச்சர். ஒரு நாளும் கூப்பிடல. கதவச் சாத்திட்டு உள்ள ஜெபிப்ப. நான் வெளிய டிவி சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிட்டு இருப்பேன். அந்தப் பிள்ள வந்து, 'வாங்க, சேந்து ஜெபிக்கலாம்'னு சொல்லிச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு."

மதியம் சமைக்கவில்லை. அவர் போய்ப் புரோட்டா வாங்கி வந்தார். எனக்குச் சைவ சால்னா கேட்டு வாங்கியிருந்தார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் பற்றிப் பேசுவது என் பங்கு. வருடா வருடம் எனக்கு ஒரு வார்த்தை தருவார்கள். மூன்று உதாரணங்களோடு பத்தே நிமிடத்தில் முடித்தேன். நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

வெளியே வந்தால் வாகை மரத்தடியில் இவர் நிற்கிறார். ஸ்கூட்டர் இல்லை. டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வெறும் ஆளாக நின்றார், பட்டினி முகம்.

"எப்ப வந்தீங்க?"

"பன்னெண்டுக்கே. பெரிய வெள்ளிக்கு ஒன் பேச்சக் கேக்க எல்லா வருசமும்தான் நிக்கேன். மைக் வெளிய நல்லாக் கேக்கும்."

"எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உதாரணத்துல எல்லாரும் வாறாங்க. நீதான் வரமாட்டேங்கிற" என்றார்.

ஆட்டோவில் வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை ஐந்தரைக்கு முடிந்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துவிட்டு, வாசலில் ஆட்டோ பிடித்தேன். "ஆத்துக்குப் போப்பா" என்றேன். வீட்டிலிருந்தே ஒரு துண்டையும் மாற்று வேட்டியையும் பையில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். எதற்கு எடுத்தேன் என்று ஆராதனை முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

படித்துறையில் நாற்பது ஐம்பது பேர். தண்ணீருக்குள் இடுப்பளவில் பாஸ்டரும் இன்னொருவரும். மூன்றாவதாக இவர் இறங்கினார். மெலிந்துபோன நெஞ்சு ஈரச் சட்டைக்குள் தெரிந்தது. தலை முழுக்க உள்ளே போனபோது நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். வெளியே வந்தார். கூட்டம் கைதட்டியது. ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்க வந்தார்கள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரையில் யாரையோ தேடினார். என்னைப் பார்த்ததும் நேரே வந்தார், நடுங்கிக்கொண்டே.

துண்டைப் போர்த்தினேன். பெனிட்டாவும் ஓடி வந்துவிட்டாள். கண் கலங்கி, "டீச்சர், நீங்க வந்தது எவ்வளவு பெரிய..." என்று எங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைக்க வந்தாள்.

"பெனிட்டா," என்றேன், "நீ கொஞ்சம் அங்கன போயி நில்லு."

ஏழாம் வகுப்புப் பிள்ளைபோல் இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"வாங்க, சேந்து ஜெபிக்கலாம்" என்று இவரிடம் சொன்னேன். கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. ஜெபப் புத்தகத்தில் அச்சில் இருப்பதெல்லாம் மனப்பாடம், ஆனால் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அவர் காத்திருந்தார். அவர் முழங்கையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் சேலையை நனைத்தது.

"எனக்குச் சொல்லத் தெரியலங்க" என்றேன்.

யாரிடமும் நான் சொல்லாத வாக்கியம் அது.

"எனக்கும்தான்" என்றார். "சும்மா நிப்போம்."

நின்றோம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சபைக் கமிட்டி கூடியது. நான் உறுப்பினர் இல்லை, அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். அந்தச் சீட்டை எழுதியது நான், ஜெபத்துக்காக எழுதவில்லை, பொறாமையில் எழுதினேன் என்று முதலில் சொன்னேன். யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்தவுடனே தெரியும் என்று செயலர் சொன்னார். அவரும் என்னிடம் படித்தவர்தான்.

பிறகு கல்லறை இடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னேன். இரண்டையும்.

"டீச்சர், ஒங்க இடம் ஒங்களுக்கு உண்டே! பேர அடிக்கது அவங்களுக்கு மட்டும்தான்" என்றார் ஐயர்.

"தெரியும் ஐயா. அவரு பொதுக் கல்லறைல தனியாக் கிடந்தா, மரக்கடைக்காரங்க எல்லாரும் சுத்திப் படுத்துக்கிடுவாங்க. இப்பமே சொல்லி வைக்கலன்னா எனக்கு இடம் கெடைக்காது."

செயலர் சிரித்துவிட்டார். ஐயர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பாடம் வாசிக்க வருவீங்கல்லா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வராம? நான் எங்க போறேன்?" என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"அங்கன வேலிகூடக் கெடையாது டீச்சர். ஆடு மேயும்."

"மேயட்டும். பெனிட்டா வராம இருந்தாப் போதும்."

அவர் சிரித்தார். புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.